வெந்நீர் ஊற்றில் கால்தான் முதலில்

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் குளிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு, குளம், கால்வாய், அருவி என்று எங்கே தண்ணீரைக் கண்டாலும் இறங்கிவிடுவோம். திற்பரப்பு அருவியில் நாம் குளிப்பதை நினைத்துப் பாருங்கள். நேராகப் போய்த் தலையைக் கொடுத்து நின்று, முதுகில் சடசடவென்று விழுவதை வாங்கிக்கொண்டு, கை விரல் சுருங்கும்வரை வெளியே வரமாட்டோம். இமயமலை வெந்நீர் ஊற்றுக்கு என் அம்மையைக் கூட்டிப் போனபோது எங்களுக்கும் அந்தப் பழக்கம்தான் இருந்தது. அங்கே அது ஆகாது. தலைக்குப் பதில் கால், ஒரு மணி நேரத்துக்குப் பதில் பத்து நிமிடம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள்.

நான் தக்கலையில் தையல்கடை வைத்திருக்கிறேன். அம்மைக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு முட்டிலும் வலி. கூட மயினியும் (அண்ணி) வந்தாள். மூன்று பெண்கள், போனது ஹிமாசலப் பிரதேசத்தில் குல்லு பக்கம் உள்ள மணிகரணுக்கும் மணாலி பக்கத்து வசிஷ்டுக்கும்.

முதலில் காலம். நம் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கும் ஏப்ரல், மே நல்ல மாதங்கள். கூட்டம் குறைவாக வேண்டுமானால் அக்டோபர் பாதிக்கு மேல் போகலாம். நாங்கள் போனது அப்போதுதான். ஜூலை, ஆகஸ்டில் தயவுசெய்து போகாதீர்கள். அங்கே மழைக்காலத்தில் மலை சரியும், ஆறு ரோட்டைக் கொண்டுபோகும். 2023 ஜூலையில் குல்லு மாவட்டம் பட்ட பாட்டை டிவியில் எல்லோரும் பார்த்தோம். டிக்கெட் மலிவு, ரூம் மலிவு என்று யாராவது சொன்னால் அதற்குக் காரணம் அந்த மழைதான்.

வழி நீளம், ஆனால் சிக்கல் இல்லை. கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் வழியாகப் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் தில்லி நிஜாமுதீன் வரை போகும். இரண்டு ராத்திரி வண்டியில் கழியும். வாரத்தில் இரண்டு நாள்தான் உண்டு, முன்கூட்டியே புக் செய்துவிடுங்கள். வயதானவர்களுக்குக் கீழ் பெர்த் கேளுங்கள். தில்லியில் இறங்கிய கையோடு மலைக்கு ஏறாமல் ஒரு நாள் தங்கி முதுகை நீட்டிவிட்டுப் போவது நல்லது. அப்புறம் காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் சாயங்காலம் மணாலி பஸ் ஏறினால் காலையில் புந்தரில் இறங்கலாம். அங்கிருந்து மணிகரண் முப்பத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். தூரம் குறைவுதான், ஆனால் ரோடு குறுகலானது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே பார்வதி ஆறு. வளைவுக்கு வளைவு வயிறு புரளும், அதனால் அன்று காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆசைதான், அங்கே இட்லி கிடைக்காது. ரொட்டி ஒன்று, சுக்கு மிட்டாய் ஒன்று போதும்.

உடுப்பு விஷயத்தை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், அது என் தொழில். நம் பெண்கள் ஆற்றில் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக் குளித்துப் பழகியவர்கள். அங்கே பெண்களுக்குத் தனிக் குளியலறை இருந்தாலும் பல ஊர்ப் பெண்கள் ஒன்றாக இறங்கும் இடம், கல்படி வழுக்கும். நனைந்த பாவாடை காலைச் சுற்றினால் அம்மை மாதிரி ஆட்கள் விழுந்துவிடுவார்கள். நான் மூன்று பேருக்கும் கருநீல காட்டனில் முட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் தளர்வான உடுப்பு தைத்தேன். கை அரைக்கை. இடுப்பில் நாடா கிடையாது, ஏனென்றால் நனைந்த நாடா முடிச்சைக் குளிர்ந்த விரலால் அவிழ்க்க முடியாது. முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பெரிய பொத்தான். வெளியே வந்ததும் மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பொத்தானைக் கழற்றிவிட்டால் ஈரத்துணி அப்படியே கீழே விழும், கையைத் தூக்க வேண்டாம். பாலியஸ்டர் வேண்டாம். சூட்டில் உடம்போடு ஒட்டும், வெளிக்காற்று பட்டதும் ஐஸ் மாதிரி ஆகிவிடும். இரண்டு துண்டு, கம்பளித் தொப்பி, சாக்ஸ், வழுக்காத ரப்பர் செருப்பு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் கவர். அவ்வளவுதான் பை.

எண்ணெய் கொண்டுபோகாதீர்கள். அம்மை ஒரு சின்னக் குப்பியில் உருக்கு வெளிச்செண்ணெய் (தேங்காய் எண்ணெய்) வைத்திருந்தாள். "சூடுவெள்ளத்துல குளிக்க எண்ணெய் இல்லாம எப்பிடி பிள்ளே?" என்று கேட்டாள். நம் வீட்டில் அது சரி. அங்கே எண்ணெய் தொட்டியில் மிதக்கும், படியில் படியும், அடுத்து வருகிறவர் வழுக்கி விழுவார். சோப்பும் அப்படித்தான், வாளியில் தனியாக மொண்டு ஊற்றும் இடம் இருந்தால் மட்டும்.

இனி தண்ணீர். மணிகரணில் சீக்கியர்களின் குருத்வாராவும் சிவன் கோவிலும் பக்கம் பக்கமாக, ஆற்றின் கரையிலேயே இருக்கின்றன. பாலத்தில் நிற்கும்போதே ஆவி மூக்கில் ஏறும். கீழே பனி உருகிய ஆறு இரைந்துகொண்டு ஓடும், அதன் ஓரத்தில் தண்ணீர் கொதிக்கும். மண்ணிலிருந்து வருவது குளிக்கிற தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள், அது உலைத்தண்ணீர். ஊற்று வாயில் தொண்ணூறு டிகிரிக்கு மேல் இருக்கும். கம்பி கட்டிய இடத்துக்கு அப்பால் ஒரு விரலைக்கூட நீட்டக் கூடாது, பிள்ளைகள் கையை விடக் கூடாது. ஈரமாகத் தெரியும் தரையில் வெறுங்காலோடு நிதானமாக மிதித்துப் பாருங்கள். குருத்வாராவில் சில இடங்களில் தரையே சுடும், அதற்காகப் பலகையும் பாயும் போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கொதிநீரில் பச்சைத்தண்ணீர் கலந்து ஆறவைத்துத்தான் குளிக்கும் தொட்டிக்கு விடுகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி.

தொட்டி எவ்வளவு சூடு என்று எப்படித் தெரியும்? காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முக்காதீர்கள், அது 42 டிகிரி வரைதான் காட்டும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அதுவே போதும். முழங்கை பொறுத்தால் பாதம் இறக்குங்கள். பாதத்தை வைத்து நூறு எண்ணுங்கள். அப்புறம் முட்டு வரை, மறுபடியும் நூறு. அதற்கும் பிறகு இடுப்பு. மார்புக்கு மேல் போகவே வேண்டாம், வயதானவர்கள் படியில் உட்கார்ந்து இடுப்பளவில் இருப்பதே நல்லது. தலையை முக்காதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒரு அமீபா மூக்கு வழியாக ஏறினால் மூளையையே தாக்கும் என்பது கேரளத்து செய்திகளைப் படிக்கும் நமக்குப் புதிதில்லை.

பத்து நிமிடம் ஆனதும் வெளியே வந்துவிடுங்கள். நான் இதில்தான் தவறினேன். அம்மையின் முட்டு நல்ல இளக்கமாகிவிட்டது, "இன்னும் செத்த நேரம் மக்கா" என்றாள், அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் எழுப்ப மனசு வரவில்லை. இருபது நிமிடம் ஆகியிருக்கும். சட்டென்று எழுந்தாள், இரண்டாவது படியில் கை காற்றில் துழாவியது. "தல சுத்துகு" என்றாள். மயினி இடுப்பைப் பிடித்திராவிட்டால் கல்லில்தான் விழுந்திருப்பாள். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கிவிடும். அந்த நேரம் விசுக்கென்று எழுந்தால் தலைக்கு ரத்தம் போதாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம், அம்மை சாப்பிடுகிறவள்தான். அதனால் எழும்பும் முன் படியில் ஏறி உட்கார்ந்து, காலை மட்டும் தண்ணீரில் விட்டு, இரண்டு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு, கையைப் பிடித்து எழும்புங்கள். குளிக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், குளித்த பின் ஒரு டம்ளர். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு இறங்கக் கூடாது, மது குடித்தவர் இறங்கவே கூடாது.

இன்னும் மூன்று வகை ஆட்கள் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகள் சூடான தொட்டியில் உட்கார வேண்டாம், காலை நனைத்துக்கொள்ளட்டும். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போனவர்கள் தன் காலை நம்பக் கூடாது, வெந்தாலும் தெரியாது. அவர்களுக்குக் கூட வருகிறவர் முழங்கை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். நெஞ்சு நோய் உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

முட்டுவலி போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அம்மைக்கு இரண்டு நாள் நன்றாக இருந்தது. மாடிப்படியைக் கையூன்றாமல் இறங்கினாள். சூடு தசையை இளக்கும், வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கும். தேய்ந்த எலும்பு அதனால் வளராது, மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மணிகரணில் தவறவிடக் கூடாதது அரிசி வேகவைப்பது. குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகப் போடும் சாப்பாடான லங்கருக்குச் சோறும் பருப்பும் பெரிய பாத்திரங்களில் ஊற்றுக்குள் இறக்கி வைத்து வேகவைக்கிறார்கள், விறகும் இல்லை, கேஸும் இல்லை. வருகிறவர்களும் சின்னத் துணிப்பையில் அரிசியோ கடலையோ கட்டி, கயிற்றில் முக்கிப் பிடித்து வேகவைத்துப் பிரசாதமாக எடுத்துப் போவார்கள். நான் மல் துணியில் உள்ளங்கை அளவு பை ஆறு தைத்துக் கொண்டுபோயிருந்தேன். பாதிக்கு மேல் நிறைக்காதீர்கள், அரிசி பெருக இடம் வேண்டும். கயிறு ஒரு முழம் போதாது, இரண்டு முழமாவது வேண்டும், இல்லாவிட்டால் ஆவியில் கை பொள்ளும்.

நாங்கள் கொண்டுபோனது வீட்டுச் சம்பா அரிசி, தடித்த சிவப்பரிசி. பக்கத்தில் நின்ற பஞ்சாபி அம்மாவின் பச்சரிசி சீக்கிரமே பூவாக வெந்துவிட்டது. எங்களுடையது ஒரு மணி நேரம் கழித்தும் நடுவில் கடுக்கென்று இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், முந்நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி. மணிகரண் 1,760 மீட்டர் உயரம், நம் மகேந்திரகிரி உச்சியைவிடச் சற்று அதிகம். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதில் தடித்த சிவப்பரிசி வேகப் பொறுமை வேண்டும். மெல்லிய பச்சரிசி கொண்டுபோங்கள். எங்கள் அரிசியை அம்மை விடவில்லை, இன்னொரு முக்கால் மணி நேரம் கயிற்றைப் பிடித்து நின்று வேகவைத்தே எடுத்தாள். உப்பில்லாமல், தொடுகறி இல்லாமல், மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பிடி சாப்பிட்டோம்.

அப்போதுதான் அம்மை கேட்டாள்: "நம்ம மலையில ஏன் இது இல்ல?" பேருந்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். மழையும் பனி உருகிய நீரும் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் இருபத்தைந்து முதல் முப்பது டிகிரி வரை சூடு கூடும். அங்கே சூடேறி, இன்னொரு வெடிப்பு வழியாக வேகமாக மேலே வந்தால் வெந்நீர் ஊற்று. இமயம் இன்னும் நெருக்குண்டு உயர்ந்துகொண்டிருக்கும் மலை, அதனால் ஆழமான வெடிப்புகள் திறந்தபடி இருக்கின்றன. நம் குமரி மாவட்டத்து வேளிமலைப் பாறை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது, இறுகி அமைதியாகிவிட்டது.

மறுநாள் வசிஷ்ட். மணாலியிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். வசிஷ்டர் கோவிலை ஒட்டிக் கல்தொட்டிகள், பெண்களுக்குச் சுவரெழுப்பிய தனித் தொட்டி, கட்டணம் இல்லை. விடிந்ததும் போய்விடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் நிற்க இடம் இருக்காது. ஃபோனைப் பைக்குள் வைத்துவிடுங்கள், யாராவது கையில் எடுத்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நாங்கள் சொன்னோம், உடனே உள்ளே வைத்தார்கள்.

நடக்கத் தெம்புள்ள பிள்ளைகளுக்கு, பர்ஷேனியிலிருந்து ஏறிப் போகும் கீர்கங்கா என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது, முட்டுவலிக்காரர்களுக்கு அது இல்லை. சார்தாம் என்ற நான்கு தல யாத்திரை போகிறவர்களுக்கு யமுனோத்ரியிலும் பத்ரிநாத்திலும் ஊற்று உண்டு, ஆனால் குளிர்காலத்தில் நடை அடைத்திருக்கும். மும்பையில் சொந்தக்காரர் இருந்தால், நம் பக்கம் யாருக்குத்தான் இல்லை, வஜ்ரேஸ்வரி, கணேஷ்புரி ஊற்றுகளை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். மலை ஏற வேண்டாம், குளிரும் இல்லை.

வசிஷ்டில் இறங்கும் முன் வெள்ளியைக் கழற்றி வையுங்கள். அந்தத் தண்ணீரில் கந்தகம் உண்டு, அவித்த முட்டை மாதிரி ஒரு வாடை வரும். மயினி கொலுசோடு இறங்கிவிட்டாள். ரூமுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் கொலுசு கறுத்துக் கிடக்கிறது. அம்மை திருநீறு போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், மேலே மட்டும் கொஞ்சம் வெளுத்தது. ஊருக்கு வந்து நகைப் பட்டறையில் மெருகு போட்ட பிறகுதான் முழுதும் போயிற்று. துணியில் ஏறிய வாடைக்குப் பட்டறை வேண்டாம், இரண்டு அலசு அலசி வெயிலில் போட்டால் போய்விடும்.