டெல்டாவில் நாற்றங்கால் குடில்: முதல் தடவை வேக வைத்தேன், இரண்டாம் தடவை வளர்த்தேன்

மன்னார்குடி பக்கம் எங்கள் கொல்லையில் 20க்கு 10 அடியில், பிளாஸ்டிக் ஷீட் கூரை போட்ட ஒரு சின்னப் பசுமைக் குடில் இருக்கிறது. மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றெல்லாம் அதில்தான். இது இரண்டாவது குடில். முதலாவது பிரித்துப் போட்டாகிவிட்டது.

ஊட்டிக் குளிரில் குடிலின் வேலை சூட்டைப் பிடித்து வைப்பது. நமக்கு அது எதற்கு? சித்திரை வெயில் குறையணும், ஐப்பசி மழை நாற்றின் தலையில் அடிக்கக் கூடாது, வெள்ளை ஈ உள்ளே வரக் கூடாது. அவ்வளவுதான்.

முதலில் தரை. அரை அடி மேடாக்கி, சுற்றி வாய்க்கால் வெட்டி வடிகாலில் சேர்த்துவிடுங்கள். அடுத்து கால். நம்ம களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊதும். சும்மா நட்ட கால் ஒரே வருஷத்தில் சாயும். 2 அடி குழியில் சல்லியும் சிமெண்டும் போட்டு நிறுத்துங்கள். சவுக்குக் கம்பு மலிவுதான், ஆனால் அடியில் கரையான் விடாது. என் ஓட்டு ஜி.ஐ. பைப்புக்குத்தான் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்). ஷீட் படுகிற இடத்தில் மட்டும் பைப்புக்கு வெள்ளை பெயிண்ட் அடியுங்கள். வெயிலில் பைப் காய்ந்தால் ஷீட் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும்.

இனி கூரை. நான் சறுக்கியது இங்கேதான். யு.வி. தாங்கும் 200 மைக்ரான் ஷீட்டை வாங்கி கூரை, நாலு பக்கம் எல்லாவற்றையும் மூடிவிட்டேன். காலை 8 மணிக்கு உள்ளே சுகமாக இருந்தது. 11 மணிக்கு மிளகாய் நாற்று வதக்கிய கீரை மாதிரி கிடந்தது. தெர்மாமீட்டரில் 47 டிகிரி. தாகம் என்று நினைத்து தண்ணீரை ஊற்றினேன். வெந்தது போக மிச்சம் இருந்ததும் நாற்றழுகலில் போனது. குறை தண்ணீரில் இல்லை. மேலே ஏறிய சூடான காற்றுக்குப் போக வழியில்லை.

இப்போது கூரையின் இரண்டு சரிவும் உச்சியில் ஒட்டுவதில்லை. கிழக்குச் சரிவு ஒன்றரை அடி உயரமாகப் போய், மேற்குச் சரிவுக்கு மேல் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் உள்ள திறப்பு மேற்கே பார்க்கும், அதில் 40 மெஷ் வலை (அங்குலத்துக்கு 40 கண்). ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து அடிப்பதால் சாரல் உள்ளே வராது. பக்கங்களிலும் அதே வலைதான். தெறிக்கும் சேற்றுக்காக அடியில் 2 அடி மட்டும் ஷீட். இந்த வலை வெள்ளை ஈயைத் தடுக்கும். இலைப்பேன் அதைவிடப் பொடிசு, நுழைந்துவிடும். மஞ்சள், நீல ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள்.

பாதி வெயிலைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலையைக் கூரைக்கு ஓரடி மேலே கட்டுங்கள். உள்ளே கட்டினால் சூடு வந்த பிறகு குடை பிடிக்கிற கதை. மழை மாதங்களில் கழற்றிவிடணும், இல்லாவிட்டால் நாற்று வெளிறி நெட்டையாகப் போகும்.

உள்ளே 98 குழி உள்ள நாற்றுத் தட்டு, மட்கிய தென்னைநார்க் கழிவு, பூவாளி. இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சேர்த்தது: ஆடிக் காற்று மேற்கிலிருந்துதானே வரும் என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, எனக்குத் தோன்றவே இல்லை. திறப்பில் சுருட்டி ஏற்றும் ஷீட் ஒன்று மாட்டியிருக்கிறேன். காற்று மிஞ்சினால் பாதி இறக்குவேன்.

இன்னொருவர் வேதாரண்யத்திலிருந்து புயலுக்கு என்ன செய்வது என்றார். 2018 நவம்பர் 16 கஜாவைப் பார்த்தவர்கள் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எச்சரிக்கை வந்ததும் ஷீட்டைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள். வெறும் பைப்புக்குள் காற்று புகுந்து போய்விடும். ஷீட்டோடு நின்றால் சட்டமே பெயரும். இதற்காகவே ஷீட்டைக் கயிற்றில் கட்டாமல் அலுமினியத் தடத்தில் ஜிக்ஜாக் ஸ்பிரிங் (வளைந்து வளைந்து போகும் கம்பி) போட்டு மாட்டச் சொல்கிறேன். கொஞ்சம் செலவுதான். ஆனால் இரண்டு பேர் நின்றால் அரை மணி நேரத்தில் உருவிவிடலாம். நாற்றுத் தட்டுகளைத் திண்ணைக்கு மாற்றத்தான் அதைவிட நேரமாகும், அதை முதலில் ஆரம்பியுங்கள்.