அசனப் பந்தியில் முதலில் யார் உட்காருவது?

நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பிரதிஷ்டை பண்டிகை (ஆலயத்தை அர்ப்பணித்த நாளின் ஆண்டு விழா) என்றால் அசனம் என்கிற பொது விருந்து உண்டு. சபையில் ஒருமனம் வேண்டும் என்று ஜெபிக்கிறவர்கள் இந்தப் பந்தியிலிருந்தே தொடங்கலாம் என்பது சமையல் பக்கம் நிற்கிற என் எண்ணம்.

முதலில், தனி மேசையை எடுத்துவிடுங்கள். நன்கொடை தந்தவர், வெளியூர் விருந்தாளி எல்லாருக்கும் ஒரே பந்திதான். கொரிந்து சபையில் சிலர் முந்திச் சாப்பிட, சிலர் பசியோடு இருந்தார்கள். அதனால்தான் பவுல் 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்று எழுதினார் (1 கொரிந்தியர் 11:33). முதல் பந்தி வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும். கமிட்டியாருக்குக் கடைசிப் பந்தி. கறி தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சினாலும் அவர்களுக்கு அதுதான்.

சபைத் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்ற இருவரை ஒரே வரிசையில் பரிமாற விடுங்கள். ஒருவர் சோறு, பின்னாலேயே மற்றவர் குழம்பு. பேசாமல் அந்த வேலை நடக்காது.

இலை எடுப்பதையும் அண்டா கழுவுவதையும் வருடா வருடம் ஒரே தெரு ஆட்களிடம் தள்ளாதீர்கள். எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் முக்கியம். சாதி நம் சபைக்குள் இப்படித்தான் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சீட்டு போடுங்கள், சபைப் போதகரான ஐயர் பெயரும் அதில் இருக்கட்டும்.

நன்கொடைப் பட்டியலை மைக்கில் வாசிக்க வேண்டாம். கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். அப்புறம், வர முடியாத நோயாளிகளுக்கான சோற்றைப் பந்தி தொடங்குமுன்பே கட்டி அனுப்பிவிடுங்கள்.