காலேஜில் படித்துக்கொண்டே ஃபிசிக்ஸ் ட்யூஷன் எடுப்பது எப்படி?

நான் ஃபிசிக்ஸ் மாணவி. வார இறுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். இதில் இறங்க நினைக்கிறவர்கள் முதல் வகுப்பில் பாடமே நடத்த வேண்டாம். பிள்ளையைப் பேச விடுங்கள்.

அதற்கு ஒரு கேள்வி போதும். பந்தை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். உச்சியில் திசைவேகம் எவ்வளவு? சுழியம் என்று டக்கென்று வரும். முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம்? அதற்கும் பெரும்பாலும் சுழியம்தான் வரும். உடனே "தப்பு, 9.8" என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். "சரி, அப்படியென்றால் அடுத்து பந்து என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வேகமும் இல்லை, வேகம் மாறப்போவதும் இல்லையென்றால் பந்து அந்தரத்திலேயே நிற்க வேண்டுமே! பிள்ளை தானாக அங்கே வந்து சேரக் கொஞ்ச நேரமாகும். வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது நமக்குத்தான் கஷ்டம்.

பிறகு கணக்கு. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் ஏற 2 நொடி, உயரம் 20 மீட்டர். மேல்திசையை நேர்க்குறியாக எடுத்தால் ஏறும்போதும் −10, உச்சியிலும் −10, இறங்கும்போதும் −10. இதை அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள்.

அடுத்தது விசைப்படம், அதாவது ஒரு பொருளின் மேல் இருக்கும் விசைகளை அம்புக்குறிகளாக வரைவது. மேஜைமேல் புத்தகம்: எடை கீழே, மேஜை தரும் செங்குத்து விசை மேலே, இரண்டும் சமம். "நியூட்டனின் மூன்றாம் விதிப்படி..." என்று பிள்ளை ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு விசையும் ஒரே புத்தகத்தின் மேல் இருக்கின்றன. மூன்றாம் விதி சொல்லும் ஜோடி வெவ்வேறு பொருள்களின் மேல் இருக்கும். பூமி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. ஒவ்வொரு அம்புக்குறிக்குப் பக்கத்திலும் "எது, எதன்மேல்" என்று எழுதச் சொல்வேன். எழுத முடியாத அம்பை அழித்துவிட வேண்டியதுதான். பறக்கிற பந்தின்மேல் "கை கொடுத்த விசை" என்று வரைகிற பழக்கம் இப்படித்தான் ஒழிகிறது.

ஒளியியலுக்குப் போகுமுன் பிள்ளையின் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். லென்ஸ் சூத்திரத்தில் சில புத்தகங்கள் கழித்தல் போடும், சில கூட்டல் போடும். குறிமரபு, அதாவது எந்தத் திசையில் அளந்தால் நேர்க்குறி, எதில் எதிர்க்குறி என்ற வழக்கம் வேறு, அவ்வளவுதான். ஆனால் நாம் பழகியதைத் திணித்தால் பரீட்சையில் குழம்பப்போவது அவர்கள். நுண்கணிதத்தை எடுத்துவிட்டு அசத்தும் ஆசையும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

ஃபீஸ், நேரம், நம் செமஸ்டர் தேர்வின்போது வகுப்பு இருக்காது என்பது, இதையெல்லாம் முதல் நாளே பெற்றோரிடம் பேசி முடித்துவிடுங்கள். ஹோம்வொர்க் போட்டுத் தரமாட்டேன் என்பதையும் சேர்த்துத்தான். தொடக்கத்தில் ஒரே வகுப்பில் படிக்கும் ஓரிருவர் போதும். பாடத்தின் பின்பக்கக் கணக்குகளை முந்தின இரவே பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள். பார்த்தாலே தெரிகிறது என்று விட்ட கணக்குதான் அவர்கள் முன்னால் மாட்டும்.