வெளிநாட்டில் இளங்கலை படிக்க விண்ணப்பிப்பது எப்படி? தொடங்குபவர்களுக்குப் படிப்படியாக

வெளிநாட்டில் பட்டம் படிக்கலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, உலகத் தரவரிசைப் பட்டியலைத் திறப்பதுதான். அதைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஒவ்வொரு நாடும் விண்ணப்பதாரரிடம் கேட்கும் கேள்வி வேறு. அமெரிக்கக் கல்லூரிகள் "நீ எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்கின்றன. பிரிட்டன் "ஏன் இந்தப் பாடம்? அதற்கு என்ன தயாரிப்பு செய்திருக்கிறாய்?" என்று கேட்கிறது. ஜெர்மனி பெரும்பாலும் உங்கள் கதையைக் கேட்பதே இல்லை. பள்ளிச் சான்றிதழ் தங்கள் நாட்டுப் பள்ளியிறுதிக்கு ஈடாகுமா என்று மட்டும் பார்க்கிறது. ஒரே கோப்பைத் தயாரித்து எல்லா இடத்துக்கும் அனுப்புகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம் அதிகம்.

படி 1: கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வகுப்பு தொடங்குவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் அமெரிக்காவின் காமன் ஆப் தளம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதிய சுற்றுக்குத் திறக்கும். முன்கூட்டி விண்ணப்பிக்கும் சுற்று பல கல்லூரிகளில் நவம்பர் 1-ல் முடியும். வழக்கமான சுற்று ஜனவரித் தொடக்கத்தில். பிரிட்டனில் அதே வேலையைச் செய்வது யூகாஸ் தளம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்றாலோ, மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்றாலோ அக்டோபர் 15. மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி. ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் ஜூலை 15 வரை வாங்கும்.

தேதியோடு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். யூகாஸ் பிரிட்டன் நேரப்படி மாலை 6 மணிக்குக் கடையை மூடிவிடும். காமன் ஆப்பில் பொதுவாக நீங்கள் இருக்கும் இடத்து நேரப்படி இரவு 11.59 வரை அவகாசம் உண்டு.

படி 2: நேரடியாகச் சேர முடியுமா என்று பாருங்கள்

பலர் தாண்டிப்போய்விடும் படி இதுதான். நல்ல மதிப்பெண் இருந்தாலும், எத்தனை ஆண்டு பள்ளி படித்தீர்கள், எந்த வாரியம், என்னென்ன பாடங்கள் என்பதைப் பொறுத்தே கதவு திறக்கும். ஜெர்மனியில் உங்கள் சான்றிதழ் நேரடிச் சேர்க்கைக்குப் போதாவிட்டால், ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பை வழக்கமாக இரண்டு பருவம் படித்து, முடிவில் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதிலும் பொறியியலுக்கு ஒரு பிரிவு, மருத்துவத்துக்கு வேறு பிரிவு. பிரிட்டனில் இதே இடத்தில் இருப்பது ஓராண்டு ஃபவுண்டேஷன் படிப்பு. அந்த ஓராண்டின் செலவும் உங்கள் கணக்கில் சேரும்.

பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உங்கள் நாட்டுக்கென்று தனிப் பக்கம் இருக்கும். அதில் உங்கள் வாரியத்தின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று தேடுங்கள். ஜெர்மனிக்கு டிஏஏடி என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பின் சேர்க்கைத் தகுதித் தரவுத்தளம் இருக்கிறது; நாட்டையும் சான்றிதழையும் தேர்ந்தெடுத்தால் பதில் வந்துவிடும். இன்னொன்று: ஜெர்மனியில் முதுகலைக்கு ஆங்கிலவழிப் படிப்புகள் ஏராளம். இளங்கலையில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான்.

படி 3: பணக் கணக்கு

ஓராண்டுக் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இங்கிலாந்தில் இளங்கலை பொதுவாக 3 ஆண்டு. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் 4. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக்கட்டணம் இல்லை, பருவப் பங்களிப்பு என்று ஒரு சிறு தொகை மட்டுமே. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. "ஜெர்மனியில் எல்லாம் இலவசம்" என்று யாராவது சொன்னால், எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று திருப்பிக் கேளுங்கள்.

அமெரிக்காவில் உதவித்தொகை கேட்பதற்கு ஒரு விலை உண்டு. பல கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்டால், அதுவும் சேர்க்கை முடிவில் எடைபோடப்படும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சிலவே வெளிநாட்டு மாணவருக்கும் அதைப் பார்க்காமல் முடிவெடுப்பவை. அங்கே போட்டி எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். உதவி தேவை என்றால் முதல் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், பல இடங்களில் வெளிநாட்டு மாணவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

படி 4: பட்டியல் போடுங்கள்

இப்போது தரவரிசையைத் திறக்கலாம். யூகாஸில் 5 இடங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். மருத்துவம் என்றால் அதில் 4 மட்டுமே. ஒரே ஆண்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போட முடியாது. காமன் ஆப்பில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம், அதற்காக இருபதையும் நிரப்ப வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் தனியாகத் துணைக் கட்டுரைகள் கேட்கும். பதினைந்து கல்லூரிக்கு அரைகுறையாக எழுதுவதைவிட எட்டுக்கு ஒழுங்காக எழுதலாம்.

"எர்லி டிசிஷன்" என்ற சுற்றில் போட்டால், இடம் கிடைத்ததும் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்று அங்கேயே சேர வேண்டும். பல கல்லூரிகளின் உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. "எர்லி ஆக்‌ஷன்" அப்படிக் கட்டிப்போடாது.

படி 5: ஆவணங்களும் பெயரும்

மதிப்பெண் பட்டியல்கள், பாஸ்போர்ட், ஆங்கிலத்தில் இல்லாத சான்றிதழ்களுக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு. இதில் அதிகம் இழுத்தடிப்பது பெயர்தான். பாஸ்போர்ட்டில் விரிந்த பெயர், மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து மட்டும் என்று இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கக் கடிதங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். விண்ணப்பம், மொழித் தேர்வு, விசா மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். பாஸ்போர்ட்டில் இயற்பெயருக்கான இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். பிறகு கல்லூரி அடையாள அட்டையிலும் அதுவே உங்கள் பெயராகக் கூடவே வரும். திருத்த வேண்டுமென்றால் விண்ணப்பம் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுங்கள்.

படி 6: மொழித் தேர்வு

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டு செல்லும். இளங்கலைக்குப் பல இடங்களில் மொத்தம் 6.0 அல்லது 6.5 கேட்பார்கள். அதோடு நான்கு பிரிவுகளுக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் உண்டு. மொத்தம் 7 எடுத்தும் எழுத்துப் பிரிவில் 5.5 வந்ததால் மறுபடி தேர்வு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வு வேண்டுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எம்ஐடி அதையோ ஏசிடி என்ற இன்னொரு தேர்வையோ கட்டாயமாகக் கேட்கிறது.

படி 7: கட்டுரை

நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. யூகாஸில் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீண்ட கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, உங்கள் கல்வி அதற்கு எப்படித் தயார் செய்தது, கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துக்குறிகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் இதே பதில்தான் போகும் என்பதால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதாதீர்கள். ஐந்தும் ஒரே துறையாக இருப்பதும் நல்லது.

கட்டடப் பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் இப்படித் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "சிறுவயது முதலே பொறியியலில் எனக்குத் தீராத ஆர்வம். உலகத்தை மாற்ற விரும்புகிறேன்." இதைப் படிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. இதையே மாற்றிப் பார்ப்போம்: "எங்கள் தெருவுக்குப் புதிதாகத் தார் போட்ட பிறகுதான் மழைநீர் தேங்க ஆரம்பித்தது. அளவுகோலோடு போய்ப் பார்த்தேன். சாலை வடிகால் வாயைவிட நான்கு விரல் உயர்ந்திருந்தது. சாலையின் குறுக்குச் சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன்." கண்டது, அளந்தது, படித்தது மூன்றும் இதில் இருக்கின்றன. "ஆர்வம்" என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை, ஆனாலும் ஆர்வம் தெரிகிறது.

இதே நிகழ்வை அமெரிக்கக் கட்டுரைக்கும் எடுத்துக்கொள்ளலாம், சொல்லும் விதம்தான் மாறும். காமன் ஆப் கட்டுரை 250 முதல் 650 சொற்கள். அங்கே குறுக்குச் சரிவைவிட, அளவுகோலோடு தெருவில் நின்ற உங்களை அண்டை வீட்டார் என்ன கேட்டார்கள், யாரிடம் போய்ப் புகார் கொடுத்தீர்கள், அதில் உங்களைப் பற்றி நீங்களே என்ன தெரிந்துகொண்டீர்கள் என்பதுதான் முக்கியம். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து எழுதி வாங்கினால், வழவழப்பாக ஏதோ வரும். தெருவும் அளவுகோலும் அதில் இருக்காது.

படி 8: பரிந்துரைக் கடிதம்

பெரிய பதவியில் இருப்பவரைவிட, உங்களை வகுப்பில் பார்த்த ஆசிரியரே மேல். குறைந்தது ஒரு மாதம் முன்பே கேளுங்கள். எந்தப் படிப்பு, எந்தத் தேதி, வகுப்பில் நீங்கள் செய்தவற்றில் அவருக்கு நினைவூட்ட வேண்டியவை என்ன என்று ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். அவர் நேரடியாகத் தளத்தில் பதிவேற்றுவார், உங்கள் கைக்குக் கடிதம் வராது. அதற்காகத் தளம் அனுப்பும் மின்னஞ்சல் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முகவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலருக்கு, மாணவரைச் சேர்த்துவிட்டதற்குக் கல்வி நிறுவனமே கமிஷன் தருகிறது. அதனால் கமிஷன் தராத நல்ல இடங்கள் அவர்கள் பட்டியலில் வராமல் போகலாம். உதவி பெறுங்கள், கணக்கின் கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் உங்களிடமே இருக்கட்டும்.

படி 9: இடம் கிடைத்த பிறகு

பிரிட்டனில் இறுதித் தேர்வு முடியாதவர்களுக்குப் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் இடம் தருவார்கள். பதில்கள் வந்ததும், ஒன்றை உறுதியாகவும் இன்னொன்றைக் காப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். காப்பு இடம், உறுதி இடத்தைவிடக் குறைந்த மதிப்பெண் கேட்பதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அதனால் பயனில்லை. அமெரிக்காவில் வழக்கமாக மே 1-க்குள் ஒரே கல்லூரிக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். முன்பணம் கட்டும் முன், விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வருமா என்ற விதியைப் படித்துவிடுங்கள்.

படி 10: விசா

பிரிட்டன் பல்கலைக்கழகம், உங்களுக்கு இடம் தந்ததை உறுதிசெய்யும் காஸ் எண்ணைத் தந்த பிறகே விசாவுக்குப் போக முடியும். காட்ட வேண்டிய தொகை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும், மாதம் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தொகை அவ்வப்போது உயரும் என்பதால் கட்டும் முன் தூதரகப் பக்கத்தில் சரிபாருங்கள். அமெரிக்காவுக்கு, கல்லூரி அனுப்பும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் வந்ததும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டி, பிறகு எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கான நேர்காணல். வகுப்புத் தொடங்குவதற்கு 30 நாளுக்கு முன்னதாக அந்த விசாவில் உள்ளே விட மாட்டார்கள், எனவே ஐ-20-ல் உள்ள தொடக்கத் தேதியைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள்.