வேலை ஒரு மாநிலம், வீடு ஒரு மாநிலம்: அமெரிக்காவில் எங்கே பதிவது?

அமெரிக்காவின் அரசு வேலைவாய்ப்புச் சேவைக்கு 1933-ஆம் ஆண்டின் வாக்னர்-பெய்சர் சட்டமே அடித்தளம். பணமும் பொதுவிதிகளும் கூட்டரசிடமிருந்து வருகின்றன. அலுவலகத்தை நடத்துவது மாநிலம். குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

நியூ ஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்த்தவர், வேலை போனதும் வேலையின்மை உதவித்தொகைக்கு நியூயார்க்கில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தேடுபவராகப் பதிவது மட்டும் வீட்டருகே உள்ள அமெரிக்க வேலை மையத்தில். பலர் முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். பணம் நின்றுபோக அதுவே போதும். பதிந்ததற்கான அத்தாட்சியைக் கையோடு வாங்கி வையுங்கள். இரு மாநிலத்தின் கணினியும் தானாகப் பேசிக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள்.

உதவித்தொகைக்கான தகுதியைக் கணக்கிட, பெரும்பாலான மாநிலங்கள் கடைசியாக முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கின் சம்பளத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவரின் மனு தள்ளுபடியாவது இதனால்தான். அண்மைக் காலாண்டுச் சம்பளத்தையும் எடுத்துக்கொள்ளும் மாற்றுக் காலக்கணக்கு உண்டா என்று கேளுங்கள். பல மாநிலங்களில் உண்டு. இரண்டு மாநிலங்களில் சம்பளம் வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லிக் கேட்கலாம்.

வேலை மையத்தில் பதிவுக்கும் ஆலோசனைக்கும் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால், அது அரசு மையம் அல்ல.