வீடியோ பார்த்து மணலிலும் கிரவலிலும் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகுவது

போன வருசம் கச்சான் காற்றுக் காலத்தில், திருகோணமலை நிலாவெளியில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு மணல் ஒழுங்கையில் விழுந்தேன். முந்தின இரவுதான் மணலில் ஓடுவது பற்றி ஏழு வீடியோ பார்த்திருந்தேன். ஏழிலும் சொன்னது ஒன்றுதான், மணலில் அக்சிலேட்டரை விடாதே என்று. முன்சில்லு ஆடத் தொடங்கியதும் நான் செய்த முதல் வேலை அக்சிலேட்டரை விட்டதுதான்.

தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் சங்கதி. அதற்குப் பிறகு பழகும் முறையையே மாற்றினேன். இரவில் பத்து வீடியோ பார்ப்பதை விட்டுவிட்டு, கிழமைக்கு ஒரு பாடம், அதற்கு ஒரே ஒரு வீடியோ. முதல் தடவை சத்தத்தோடு பாருங்கள். பிறகு சத்தத்தை நிறுத்தி, வேகத்தை 0.25க்குக் குறைத்து, ஓடுபவரின் முழங்காலை மட்டும் பாருங்கள், அடுத்த தடவை முழங்கையை, அதற்கடுத்து அவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று. புழுதி பறக்கிறதைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தால் ஒன்றும் ஏறாது.

எந்த வீடியோவை எடுப்பது? ஹெல்மெட்டில் கமரா பூட்டி எடுத்ததை ஒதுக்குங்கள். அதில் ஓடுபவரின் உடம்பே தெரியாது, செங்குத்தான ஏற்றமும் சமதரை மாதிரித்தான் தெரியும். பக்கவாட்டில் நின்று எடுத்தது, ஒரு உத்தியை மெதுவாகத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டுவது, விழுந்ததையும் வெட்டாமல் வைத்து ஏன் விழுந்தேன் என்று சொல்வது, அதுதான் பாடம். இன்னொன்று, வீடியோக்காரர்கள் ஓடும் என்டூரோ சைக்கிளின், அதாவது கரடுமுரடான பாதைக்கென்றே செய்த மோட்டார் சைக்கிளின், சஸ்பென்சன் 300 மில்லிமீற்றர் அளவுக்கு அமுங்கும், நம்முடைய பல்சரும் டிஸ்கவரும் அதில் பாதிகூட அமுங்காது, ரயரும் வீதிக்கானது. அவர்கள் நிற்கும் விதத்தைப் படியுங்கள், பாயும் விதத்தை விட்டுவிடுங்கள்.

முதல் பாடம் எழும்பி நின்று ஓடுவது. கன்னியாப் பக்கத்துக் கிரவல் பாதைகளோ தம்பலகாமத்து வயல் பாதைகளோ இதற்குப் போதும், இரண்டாம் கியர், ஆளில்லாத நேரம். பாதத்தின் முன்பகுதி புட்ரெஸ்டில், முழங்கால் சற்று மடிந்து டாங்கியை அணைத்தபடி, முழங்கை வெளியே விரிந்து, பார்வை தூரத்தில். பாரம் காலில்தான் இருக்கவேண்டும், அப்போதுதான் சைக்கிள் உங்களுக்குக் கீழே தன்பாட்டில் ஆடி அடங்கும். நான் எல்லாம் சரியாகச் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கூட வந்தவன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டி, "நீ நிக்கேல்லை மச்சான், ஹாண்டிலைப் பிடிச்சுத் தொங்குறாய்" என்றான். பார்த்தால், உண்மைதான், இடுப்பு பின்னால் போய்க் கை இரண்டும் கயிறு மாதிரி இழுபட்டுக் கிடந்தது.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுங்கள்: உங்களை நீங்களே வீடியோ எடுங்கள். ஒரு கல்லில் போனைச் சாய்த்துவைத்தாலும் சரி. அன்று இரவு பாடவீடியோவையும் உங்களுடையதையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பாருங்கள், பிழை தானாகக் கண்ணில் படும். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கிளச். வெறும் வளவிலோ மைதானத்திலோ ஏழெட்டுத் தேங்காய் மட்டையைத் தள்ளித் தள்ளி வைத்து, முதல் கியரில், பாதிக் கிளச்சில், கால் ஊன்றாமல் அவற்றுக்கிடையே வளைந்து போங்கள். திரும்பும் பக்கம் சைக்கிளைச் சாய்த்து, உங்கள் பாரத்தை எதிர்ப்பக்கப் புட்ரெஸ்டில் போடுங்கள். வீதியில் பழகிய உடம்பு இதற்கு ஒத்துவராது, இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பிரேக்கையும் இங்கேயே பழகலாம். கிரவலில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று பலர் சொல்வார்கள், அது பிழை, இரண்டு விரலால் மெல்ல மெல்ல அழுத்தினால் அதுதான் நிறுத்தும், ஹாண்டில் திரும்பியிருக்கும்போது மட்டும் வேண்டாம்.

இப்போது மணல். வீதியில் 25, 28 பீஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கும் ரயர் காற்றை 18, 20 அளவுக்கு இறக்குங்கள், ரயர் பரந்து மணலில் மிதக்கும். அதற்கும் கீழே போனால் ரிம்முக்குள் ரயர் சுழன்று ரியூப் வால்வைப் பிய்த்துவிடும். உடம்பைச் சற்றுப் பின்னால் வைத்து, பிடியைத் தளர்த்தி, அக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்திருங்கள். முன்சில்லு பாம்பு மாதிரி நெளியும், நெளியட்டும். பயந்து மூடினால் பாரம் முழுவதும் முன்னுக்கு வந்து சில்லு புதையும், பிறகு என் கதைதான். நிறுத்தவேண்டுமென்றால் முன் பிரேக்கை மறந்துவிட்டு, மெல்லக் குறைத்துப் பின் பிரேக்கால் நில்லுங்கள். கரைவலை இழுக்கிற இடத்துக்குக் கிட்டவும் போகவேண்டாம், அது மீனவர்களுடைய வேலைத்தலம்.

விழுவீர்கள். ஆகவே செருப்போடு போகாதீர்கள், கணுக்காலை மூடும் சப்பாத்து, ஹெல்மெட், கையுறை. விழுந்ததும் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்து, கியரில் போட்டுவிட்டு, சீற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, காலால் தள்ளிப் பின்பக்கமாக நடந்து நிமிர்த்துங்கள். குனிந்து தூக்கினால் நாரி பிடித்துக்கொள்ளும். சைலன்சர் சுடும், கவனம்.

கந்தளாய், முதலிக்குளம் பக்கம் போகிறவர்கள் பொழுதுபட முன்னர் திரும்பிவிடுங்கள், யானைக்கு வீடியோ ஒன்றும் உதவாது. மாரியில் சேறு பழகலாம், ஆனால் வீதி ரயரின் பள்ளங்களைச் சேறு இரண்டு நிமிசத்தில் அடைத்துவிடும், நான் அதை விட்டுவிட்டேன்.

கைப்பம்பு ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள். காற்றைத் திரும்ப அடிக்காமல் புல்மோட்டை வீதியில் ஏறக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, செயின் காய்ந்தபின் ஒயில் போடுங்கள். நான் ஒரு தடவை பஞ்சிப்பட்டு விட்டேன், மூன்றாம் நாள் செயின் செம்மண் நிறத்தில் இருந்தது.