பழைய பீங்கான் தட்டு என்ன விலை போகும்?

புழங்கிய தட்டுகளை விற்க நினைத்தால் முதலில் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் இருக்கும் முத்திரைதான் அதன் ஜாதகம். நிறுவனத்தின் பெயர் இருக்கும், சில சமயம் டிசைனின் பெயரோ எண்ணோ இருக்கும். 'டிஷ்வாஷரில் கழுவலாம்' என்று அச்சிட்டிருந்தால், நூற்றாண்டுப் பழம்பொருள் என்ற கனவை அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்தது விரல் வேலை. கண்ணை ரொம்ப நம்பாதீர்கள். விளிம்பைச் சுற்றி நகத்தை மெல்ல ஓட்டினால், பொடிச் சில்லு பெயர்ந்த இடம் நகத்தில் இடறும். பிறகு தட்டை விரல்நுனிகளில் ஏந்தி விளிம்பைச் சுண்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. 'டொக்' என்று செத்த ஒலி வந்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கலாம். தடித்த மண் வகைத் தட்டுகள் இயல்பிலேயே மந்தமாகத்தான் ஒலிக்கும். அதனால் அதே செட்டில் இன்னொன்றையும் சுண்டி ஒப்பிடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கத்திக் கீறல்களும், தங்க விளிம்பு தேய்ந்ததும் தெரிந்துவிடும். விலையைக் குறைப்பவை இவைதான்.

ஆன்லைனில் விலை பார்க்கும்போது ஒன்று: விற்பவர் கேட்கும் விலை வெறும் ஆசை. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருந்தால் அதைப் பாருங்கள். அன்றாடத் தட்டு செட்டுக்குப் பெரும்பாலும் சொற்பம்தான் கிடைக்கும். ஆனால் தயாரிப்பு நின்றுபோன டிசைனில் டீ ஜாடியின் மூடி தனியாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மூடியை உடைத்தவர் யாரோ அதைத் தேடிக்கொண்டிருப்பார்.